இயான் கர்டிஸ் விட்டுப்போன மூன்று வேலைகள்

1980 மே 19, திங்கட்கிழமை. ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு முதன்முறையாக அமெரிக்காவுக்கு விமானம் ஏற வேண்டிய நாள். அதற்கு முந்தைய நாள், இங்கிலாந்தின் மேக்கிள்ஸ்ஃபீல்டில் தன் வீட்டில், குழுவின் பாடகர் இயான் கர்டிஸ் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. வலிப்பு நோயும் மனச்சோர்வும் ஒரு வருடத்துக்கும் மேலாக அவரை அரித்துக்கொண்டிருந்தன. மிஞ்சியவர்கள் மூன்று பேர்: கிதார் பெர்னார்ட் சம்னர், பேஸ் கிதார் பீட்டர் ஹூக், டிரம்ஸ் ஸ்டீஃபன் மாரிஸ். மூவரில் யாரும் 25 வயதைத் தொட்டிருக்கவில்லை.

ஒரு குழுவில் ஒருவர் இறந்துபோனால் மற்றவர்கள் எப்படித் தொடர்வது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மூவரும் அடுத்த மூன்று ஆண்டுகளில் செய்த வேலைதான். துக்கத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஒத்திகை அறையில் உட்கார்ந்து என்ன செய்தார்கள், எது சொதப்பியது, ஏன் சொதப்பியது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

முதலில் கையில் என்ன மிஞ்சியது என்று கணக்கெடுக்க வேண்டும். மார்ச் மாதமே பதிவு முடிந்த இரண்டாவது ஆல்பம் ஒன்று இருந்தது; அது ஜூலை 18 அன்று வெளிவந்தது. அது போக, பதிவாகாத இரண்டு பாட்டுகள். அவற்றில் ‘செரிமனி’ ஒரே ஒருமுறைதான் மேடை ஏறியிருந்தது: மே 2, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், கர்டிஸின் கடைசி நிகழ்ச்சியில். அந்த மேடைப் பதிவிலும் தொடக்க வரிகளில் குரல் சரியாக விழவில்லை. எழுதி வைத்த வரிகள் கையில் இல்லை. ஒத்திகை கேசட்டில் குரல் இருக்கிறது, ஆனால் கிதாருக்கும் சிம்பலுக்கும் அடியில் புதைந்து கிடக்கிறது. சம்னர் அந்த கேசட்டை, ஒலியின் அடி, நடு, உச்சப் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கிராஃபிக் ஈக்வலைசர் வழியாக ஓடவிட்டு, சொற்களைக் காதால் பொறுக்கி எடுத்தார்.

இதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இதே நிலையில் இன்றும் எத்தனையோ குழுக்கள் நிற்கின்றன, கேசட்டுக்குப் பதில் கைபேசிப் பதிவோடு. ஒத்திகை அறைப் பதிவில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் கிக் டிரம்மும் பேஸும்தான். அதை முழுக்க இறக்கிவிடலாம். 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் சிம்பல்; அதையும் பாதிக்கு மேல் இறக்கலாம். நமக்குச் சொல்லைக் காட்டிக் கொடுப்பவை மெய்யெழுத்துகள். அவற்றின் கூர்மை ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அந்தப் பட்டையை 4 முதல் 6 டெசிபல் ஏற்றினால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் ஸ்நேர் டிரம்மின் சடசடப்பு காதைக் கிழிக்கும், சொல் பழையபடி புதைந்துவிடும். இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டுத் தனித்தனித் தாளில் எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். ஒன்றாக உட்கார்ந்தால் முதலில் வாய் திறந்தவர் சொன்ன சொல்தான் அடுத்தவர் காதிலும் விழும். இப்போது குரலைத் தனியே பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. உதவும்தான். ஆனால் சத்தம் மிகுந்த பதிவில் அவை இல்லாத மெய்யெழுத்தையும் உண்டாக்கிவிடும், சிம்பலின் ‘ஸ்’ ஒரு சொல்லின் முடிவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிரிக்காத மூலப் பதிவோடு ஒவ்வொரு வரியையும் வைத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். இறந்தவரின் வாயில் அவர் சொல்லாத சொல்லை வைப்பது பெரிய பிழை.

சரி, கர்டிஸ் அந்தக் குழுவில் என்ன செய்துகொண்டிருந்தார்? பாடினார், வரிகள் எழுதினார். இது எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது வேலை ஒன்று இருந்தது, வெளியே தெரியாதது. அவர்தான் குழுவின் காது.

அவர்கள் பாட்டு கட்டிய விதம் அப்படி. மூன்று பேரும் எதையாவது வாசித்துக்கொண்டே போவார்கள். கர்டிஸ் கேட்டுக்கொண்டிருப்பார். ஹூக்கின் பேஸில் ஒரு வரி நன்றாக வந்தால் நிறுத்தி, அதைத் திரும்ப வாசிக்கச் சொல்வார், அதோடு டிரம்ஸ் இப்படிச் சேரட்டும், கிதார் இங்கே வரட்டும் என்பார். பேஸ் கிதாரை அதன் கழுத்தில் மேலே, உயர்ந்த சுரங்களில் வாசிப்பது ஹூக்கின் அடையாளம். சம்னரின் ஆம்ப் (ஒலிபெருக்கி) சத்தத்தில் தன் வாசிப்பு தனக்கே கேட்காததால் அவர் மேலே ஏறினார். அந்த வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப் பாட்டு கட்ட வைத்தவர் கர்டிஸ். வாசிப்பவர்களுக்குத் தாங்கள் வாசித்தது பிடிபடாது. கை வேலையில் இருக்கும்போது காது பாதிதான் திறந்திருக்கும். கையில் வாத்தியம் இல்லாமல் அறையில் நிற்கும் ஒருவருக்குத்தான் முழுதாகக் கேட்கும்.

ஆகவே அவர் போனபோது குரல் போனது ஒரு பங்கு என்றால், எது நல்லது என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது இரண்டு பங்கு. பல குழுக்கள் இதைக் கவனிப்பதே இல்லை. பாடகர் இறந்தால் பாடகரைத் தேடுகிறார்கள், டிரம்மர் இறந்தால் டிரம்மரைத் தேடுகிறார்கள். தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, இறந்தவர் என்னென்ன செய்தார் என்று எழுதிப் பார்க்க வேண்டும். வாத்தியம் ஒரு வரிதான் வரும். பாட்டின் வேகத்தை முடிவு செய்தது யார், மேடையில் அடுத்த பாட்டு எது என்று கண்ணைக் காட்டியது யார், இருவர் முறைத்துக்கொண்டால் நடுவில் நின்றது யார், சுருதி சரிபார்த்தது யார், ஒத்திகைக்கு எல்லாரையும் கூப்பிட்டது யார்? பத்துப் பதினைந்து வரி வந்துவிடும். புதிதாக வருபவர் அதில் இரண்டு மூன்றைத்தான் தூக்குவார். மீதியை இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்ளாவிட்டால், வந்தவர் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் ‘என்னவோ குறைகிறது’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பாவம், பழி அவர்மேல் விழும்.

காது வேலையை இந்த மூவரும் டேப்பிடம் கொடுத்தார்கள். ஒத்திகையை அப்படியே பதிவு செய்து, பிறகு கேட்டு, நல்ல துண்டுகளைப் பொறுக்குவது. சொல்ல எளிது. 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். அதில் தேறுவது சில வினாடிகள் இருந்தாலே பெரிது. வாசித்த அன்றே கேட்டால் எல்லாம் நன்றாகத் தோன்றும், அல்லது எல்லாமே குப்பையாகத் தோன்றும். ஒருநாள் விட்டுக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் வாத்தியத்தைத்தான் கேட்பார்கள் என்பது அடுத்த சிக்கல். அதற்கு நான் சொல்லும் வழி: அவரவர் தாளில் நிமிடமும் வினாடியும் மட்டும் குறிக்கட்டும், ஆனால் தன் வாசிப்புக்காக எதையும் குறிக்கக் கூடாது, மற்றவர் வாசித்ததில் பிடித்ததை மட்டும். இரண்டு தாளில் ஒரே இடம் வந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கர்டிஸ் ஒரு நொடியில் செய்ததை இப்படிச் செய்ய ஒரு வாரம் ஆகும். ஆகட்டும்.

பெயர் விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நால்வரில் ஒருவர் இல்லாவிட்டாலும் ஜாய் டிவிஷன் என்ற பெயரை விட்டுவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். அப்படியே விட்டார்கள், நியூ ஆர்டர் ஆனார்கள். அந்த ஜூன் மாதம் பழைய பெயரில் வெளியான ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ தனிப்பாடல் பிரிட்டன் பட்டியலில் 13ஆம் இடம் வரை போயிருந்த நேரத்தில் இதைச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பெயர்தான் நிகழ்ச்சிக் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. என்றாலும் உயிரோடு இருக்கும்போதே, சண்டை சச்சரவு இல்லாத நாளில், இந்தப் பேச்சைப் பேசிவிட்டது அவர்களைக் காப்பாற்றியது. சாவு வீட்டில் இதைப் பேச முடியாது.

கர்டிஸ் இறந்து 72ஆம் நாள், ஜூலை 29 அன்று, மான்செஸ்டரின் பீச் கிளப்பில் மூவரும் மேடை ஏறினார்கள். பெயர்கூட இன்னும் முடிவாகவில்லை. ‘நோ நேம்ஸ்’ என்று நின்றார்கள். செப்டம்பரில், ரத்தான அந்த அமெரிக்கப் பயணத்தைச் சிறிய அளவில் போய் வந்தார்கள். நியூயார்க்கில் வாத்தியங்கள் இருந்த வேன் களவு போனது. அந்தக் காலத்து சிந்தசைசர்களில் பலவற்றுக்கு ஒலியைச் சேமிக்கும் நினைவகம் கிடையாது. எந்தக் குமிழ் எங்கே நின்றது என்பதுதான் அந்த ஒலி. கருவி போனால் ஒலியும் போயிற்று. இன்றைக்கும், காலால் மிதித்துக் கிதார் ஒலியை மாற்றும் பெடல்களும் ஆம்ப்பும் பெரும்பாலும் அப்படித்தான். இறந்தவரின் பெடல் போர்டை யாரும் தொடுவதற்கு முன், ஒவ்வொரு குமிழின் நிலையும் தெரிகிற மாதிரி நேர் மேலிருந்து படம் எடுத்துவிடுங்கள். எந்த ஒயர் எதிலிருந்து எதற்குப் போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் சாமான்களைத் துடைத்து எடுத்துவைக்கும்போது குமிழ்கள் திரும்பிவிடும்; அப்புறம் அந்தக் கிதார் ஒலியை மீட்க மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

அதே பயணத்தில் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில் ‘செரிமனி’யைப் பதிவு செய்தார்கள். கர்டிஸின் வரிகள், சம்னரின் குரல். இதுதான் அவர்களுடைய முதல் தனிப்பாடலாக 1981இல் வந்தது.

சம்னர்தான் பாடுவார் என்று ஆரம்பத்தில் தீர்மானம் ஏதும் இல்லை. மூவரும் பாடிப் பார்த்தார்கள். டிரம்மர் பாடினால் வரும் சிக்கல் ஒலிக்காரர்களுக்குத் தெரியும்: வாய்க்கு முன்னால் இருக்கும் மைக் ஓர் அடி தள்ளி ஸ்நேரையும் சிம்பலையும் சேர்த்தே பிடிக்கும். குரலை ஏற்றினால் டிரம்ஸும் ஏறும். மூச்சு வாங்கும் இடங்களில் கை தளரும், வேகம் ஊசலாடும். பேஸ் வாசிப்பவருக்கு வேறு தொல்லை. பாட்டு ஒரு நடையில் போக, விரல் வேறு நடையில் ஓட வேண்டும். ஹூக் முதல் ஆல்பத்தில் இரண்டு பாட்டு பாடினார். கனமான குரல், கர்டிஸுக்குக் கிட்டத்தில் வரும். அதுவே அவருக்கு எதிராகவும் நின்றது என்று நினைக்கிறேன். கேட்பவர் மனம் உடனே ஒப்பிட்டுவிடும். சம்னரின் குரல் மெலிந்தது, உயரமானது, பயிற்சி இல்லாதது. ஒப்பிடவே முடியாத குரல். நீண்ட ஓட்டத்தில் அதுதான் சரியான தேர்வாக அமைந்தது.

ஆனால் சம்னரால் ஒரே நேரத்தில் பாடவும் கிதாரில் தன் பாணியில் மெட்டு வாசிக்கவும் முடியவில்லை. நியூ ஆர்டர் பாட்டுகளின் அமைப்பே இதிலிருந்து பிறந்தது. பாடும்போது கிதார் நிற்கும் அல்லது மெலிதாக இருக்கும். பாடி முடித்ததும் கிதார் மேலே வரும், நீளமாக. பாடும் நேரத்து வெற்றிடத்தை ஹூக்கின் பேஸ் நிரப்பும், பின்னாளில் இயந்திரங்கள் நிரப்பின. அந்த நீண்ட இசைத்துண்டுகளைக் கேட்டு ‘என்ன அழகான அமைப்பு’ என்கிறோம். அழகுதான். ஒருவரால் ஒரு காரியம் முடியவில்லை, பாட்டை அவருக்கு ஏற்ப வெட்டித் தைத்தார்கள் என்பதே அதன் காரணம்.

சுருதி பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பழைய பாடகரின் கட்டையிலேயே புதியவரைப் பாட வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கிதார்காரர்கள் மாற்ற மறுப்பார்கள். அதற்குக் காரணமும் உண்டு. கிதாரின் அடித்தந்தி ‘இ’, நம் கணக்கில் மூணு கட்டை. பாட்டு அந்தத் திறந்த தந்தியின்மேல் கட்டப்பட்டிருந்தால், வேறு கட்டைக்குப் போகும்போது அதன் முழக்கம் போய்விடும். ஏற்றுவது சுலபம்: இரண்டாவது கட்டத்தில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால் நாலரைக் கட்டை, மூன்றாவதில் போட்டால் அஞ்சு கட்டை, முழக்கம் அப்படியே இருக்கும். இறக்குவதுதான் கஷ்டம். எல்லாத் தந்தியையும் அரைக்கட்டை, ஒரு கட்டை தளர்த்த வேண்டும். தளர்ந்த தந்தி, கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பிகளில் இடித்து உறுமும். பத்தாம் எண் தந்திக் கட்டுக்குப் பதில் பதினொன்றாம் எண் மாட்ட வேண்டும், மாட்டியபின் கழுத்தின் வளைவையும் சரிபார்க்க வேண்டும். புதிய பாடகருக்கு எந்தக் கட்டை என்று ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். மூன்று நாள், மூன்று கட்டை, ஒத்திகையின் நடுவில் குரல் சூடேறியபின் பதிவு செய்து கேளுங்கள். பாட்டின் உச்ச சுரம் அவரால் எட்டக்கூடிய எல்லைக்கு ஒரு முழுச் சுரம் கீழேயாவது நிற்க வேண்டும். ஒத்திகை அறையில் எல்லையைத் தொட்டுப் பாடிவிடலாம். மேடையில் பத்தாவது பாட்டில் தொண்டை மறுத்துவிடும்.

அக்டோபரில் நான்காவது ஆள் வந்தார். கில்லியன் கில்பர்ட், மேக்கிள்ஸ்ஃபீல்டுக்காரர், மாரிஸின் காதலி. கீபோர்டும் கிதாரும் அடிப்படை அளவுக்குத் தெரியும். அவரைச் சேர்க்கலாம் என்றவர் மேலாளர் ராப் கிரெட்டன். பெரிய வித்வான் ஒருவரைக் கொண்டுவந்திருந்தால் அவருடைய பாணியும் கூடவே வந்திருக்கும். கில்பர்ட் இவர்கள் வாசிக்கும் விதத்தையே கற்றுக்கொண்டு அதற்குள் வளர்ந்தார். சம்னர் பாடும்போது விட்ட கிதாரை இவர் பிடித்தார், கீபோர்டை இவர் எடுத்துக்கொண்டார். அக்டோபர் 25 அன்று மான்செஸ்டரில் நால்வராக மேடை ஏறினார்கள். ‘செரிமனி’யை அடுத்த ஆண்டு கில்பர்ட்டோடு மறுபடி பதிவு செய்தார்கள். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூன்று பேர் ஒரு பள்ளத்தைச் சுற்றி நின்று வாசிப்பது ஒன்று, நான்கு பேர் கொண்ட குழு வாசிப்பது இன்னொன்று.

1981 நவம்பரில் வந்த முதல் ஆல்பம் ‘மூவ்மெண்ட்’ எனக்குப் பிடிக்கும், ஆனால் அது தவறிப்போன இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. சம்னர் தன் குரலைக் கீழே தள்ளி, கர்டிஸின் பள்ளத்தில் நின்று பாட முயல்கிறார். வரிகளும் அவரைப் போலவே எழுதப்பட்டவை. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், ஜாய் டிவிஷன் ஆல்பங்களையும் தயாரித்தவர். கர்டிஸின் சாவு அவரையும் உடைத்திருந்தது. குரல்கள் பின்னால் தள்ளப்பட்டு, எதிரொலிக்குள் ஒளிந்து கிடக்கின்றன. தன்னம்பிக்கை இல்லாத பாடகர் இருந்தால் எல்லாரும் செய்வது இதுதான்: குரலை இறக்கு, ரிவெர்பைக் கூட்டு. அப்படிச் செய்தால் பாடகர் தேறவே மாட்டார், தன் பிழை தனக்கே கேட்காது. அடுத்த ஆண்டு ஹானெட்டை விட்டு, தாங்களே தயாரிப்பில் இறங்கினார்கள். குரல் முன்னால் வந்தது. உயரமாக, கொஞ்சம் சுருதி பிசகி, ஆனால் சம்னரின் குரலாகவே வந்தது.

இன்னொரு பாதை இயந்திரங்கள். சம்னர் ஒரு சீக்குவென்சர் பெட்டியை (சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்க வைக்கும் கருவி), பாகங்களாக வாங்கி, தானே பற்றவைத்துச் செய்தார். 1983 மார்ச் 7 அன்று வெளியான ‘புளூ மண்டே’யில் அந்தப் பெட்டி, ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் இயந்திரம், மூக் சோர்ஸ் சிந்தசைசர், இமுலேட்டர் எல்லாம் சேர்ந்தன. அந்தச் சீக்குவென்சரில் மெட்டை வாசித்துப் பதிவு செய்ய முடியாது. ஒவ்வொரு சுரத்தையும் படிப்படியாகத் தட்டிச் சேர்க்க வேண்டும். கில்பர்ட் முழுப் பாட்டையும் நீளமான தாளில் எழுதி வைத்துக்கொண்டு தட்டினார். நடுவில் ஒரு சுரம் விட்டுப்போயிற்று. படிக்கணக்கில் ஓடும் இயந்திரத்தில் ஒன்று விட்டால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரு படி முன்னால் வந்துவிடும். அதனால்தான் அந்த மெட்டு டிரம்ஸோடு ஒட்டாமல் நழுவி நழுவி ஓடுகிறது. கேட்டார்கள், பிடித்திருந்தது, அப்படியே விட்டார்கள்.

எனக்கு இந்த முடிவு ஒரு முக்கியமான அடையாளம். 1980இல் இந்தப் பிழை நடந்திருந்தால் ‘இது நல்லது, விடாதே’ என்று சொல்ல கர்டிஸ் தேவைப்பட்டிருப்பார். 1983இல் நால்வருக்கும் சேர்த்து ஒரு காது வந்துவிட்டது. ஏழரை நிமிடப் பாட்டு, 12 அங்குலத் தட்டில் மட்டும் வந்தது. அந்த அளவுத் தட்டுகளில் உலகிலேயே அதிகம் விற்றது அதுதான்.

காது வேலையைப் பங்கிடாமல் ஆளை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவைப் பாருங்கள். 1986 செப்டம்பர் 27 விடியலில் சுவீடனில் பயணப் பேருந்து கவிழ்ந்து பேஸ் வாசிப்பாளர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார், வயது 24. 42ஆம் நாள், நவம்பர் 8 அன்று, ஜேசன் நியூஸ்டெட் அவர் இடத்தில் மேடையில் நின்றார். அடுத்த ஆல்பம் 1988இல் வந்தபோது அதில் பேஸ் கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை? பேஸை இறக்கச் சொன்னார்கள் என்பது ஒரு பாதி. அந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்ப்சன் அதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மறுபாதி வாசிப்பிலேயே இருக்கிறது. பர்ட்டன் விரலால் வாசிப்பார், கிதாரோடு ஒட்டாமல் தனியாக ஒரு மெட்டு போடுவார், டிஸ்டார்ஷன், வாவா என்ற ஒலி மாற்றும் பெடல்களைப் பயன்படுத்துவார். நியூஸ்டெட் பிக்கால் (தந்தியைத் தட்டும் சிறு துண்டு) வாசித்தார், குழுவின் பாடகரும் கிதார்காரருமான ஹெட்ஃபீல்டின் கிதார் என்ன வாசித்ததோ அதையே சுரம் பிசகாமல் ஒரு ஸ்தாயி கீழே. தயாரிப்பாளர் இல்லாமல், ஓர் உதவிப் பொறியாளரோடு, தன் பங்கைத் தனியாக வாசித்துவிட்டுப் போனார். கிதாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ், பேஸின் அடித்தந்தி 41. அந்த ஆல்பத்தின் கிதார் ஒலியில் நடுப்பகுதியைக் குடைந்து எடுத்துவிட்டு, அடியைப் பெருக்கி வைத்திருந்தார்கள். பேஸ் நம் காதுக்குத் தெரிவது அதன் அடிச்சுரத்தால் மட்டும் அல்ல, 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை வரும் அதன் மேற்சுரங்களாலும்தான். அந்த இடத்தை முழுக்கக் கிதார் உட்கார்ந்து பிடித்துக்கொண்டது. தட்டும் நொடியும் ஒன்று, சுரமும் ஒன்று, இடமும் ஒன்று. கொஞ்சம் ஒலியளவை இறக்கினால் போதும், பேஸ் கிதாருக்குள் கரைந்துவிடும்.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. கிதாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 150ஐச் சுற்றி 2, 3 டெசிபல் இறக்குங்கள். பேஸில் 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றினால் விரல் படும் ஓசை தெரியும். அதைவிட முக்கியம், வந்தவர் கிதாரை விட்டு விலகி வாசிக்கும் இடம் ஒவ்வொரு பாட்டிலும் ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த இடத்தை அவருக்குக் கொடுக்க இருப்பவர்களுக்கு மனம் வர வேண்டும். மெட்டாலிகாவில் பர்ட்டனுடைய வேலைகளில் ஒன்று, இசையில் மற்றவர்களுக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுப்பது. இணைமெட்டு என்றால் என்ன என்று அவர்களுக்குக் காட்டியவர் அவர். அந்த வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும்.

ஏசி/டிசி என்ற ராக் குழுவின் கதை வேறு மாதிரி. அதன் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று இறந்தார். ஜூலை 25 அன்று பிரையன் ஜான்சன் பாடிய ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. 157 நாள். எப்படி முடிந்தது? அந்தக் குழுவில் காது வேலை கிதார் வாசித்த யங் சகோதரர்களிடம் இருந்தது, பெரும்பாலான கிதார் வரிகள் அவர்கள் கையில் இருந்தன, தயாரிப்பாளரும் பழையவரே. காலியானது குரலும் வரிகளும்தான். அது சின்ன இழப்பு என்று சொல்லவில்லை. ஆனால் வேலைப்பட்டியலில் அழிந்த வரிகள் குறைவு, ஆகவே விரைவாகத் தொடர முடிந்தது. வேகத்துக்காக அவர்களைப் பின்பற்றாதீர்கள். உங்கள் பட்டியலை முதலில் எழுதிப் பாருங்கள்.

காசு விஷயத்தில் ஒன்றே ஒன்று. இறந்தவர் எழுதிய பாட்டின் உரிமை அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது. நம் நாட்டுச் சட்டப்படி அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள், பிரிட்டனில் 70. முடியாத பாட்டை நீங்கள் முடித்தாலும் அதில் அவர் பங்கு அப்படியே இருக்கிறது. எந்தப் பாட்டில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை, பாட்டு பணம் பார்க்கும் முன்பே, அவர் வீட்டாரோடு உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மூல டேப்புகளும் கோப்புகளும் மூன்று இடத்தில் இருக்கட்டும். அதில் ஓர் இடம் அவர்கள் வீடு.

கடைசியாக, பழைய பாட்டுகள். நியூ ஆர்டர் பல ஆண்டுகள் ஜாய் டிவிஷன் பாட்டுகளை மேடையில் பெரும்பாலும் தள்ளியே வைத்திருந்தார்கள். 1998இல் மறுபடி ஒன்றுசேர்ந்த பிறகுதான் அவை வழக்கமாக நிகழ்ச்சிக்குள் வந்தன. தள்ளி வைத்தது சரி என்பேன். கைவசம் 12 பாட்டு சொந்தமாகச் சேரும்வரை பழையதைத் தொட்டால் கூட்டம் அதையே கேட்கும், புதிது வளராது. சேர்ந்தபிறகு எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. தொடக்கத்தில் வைத்தால் தொண்டை சூடேறியிருக்காது, பாடுபவர் கலங்கினால் மிச்ச நிகழ்ச்சி முழுக்கத் தள்ளாடும். நடுவில் வைத்தால் அடுத்து வரும் பாட்டு செத்துப்போகும். கடைசியில் வையுங்கள். குரல் அடைத்தாலும் கூட்டம் பாடிவிடும்.

அவர்கள் அப்படி முடிக்கும் பாட்டு ஒன்று உண்டு, 1980 ஜூனில் பட்டியலில் ஏறிய அதே பாட்டு. அது உருவானபோது சம்னர் கீபோர்டில் இருந்தார், கிதார் பிடிக்க ஆள் இல்லை. கர்டிஸுக்குக் கிதார் அவ்வளவாக வராது. ஒரு டி கார்டை விரல் வைக்கக் காட்டிக் கொடுத்தார்கள். ரெண்டு கட்டை, மூன்று விரல். அவர் வெள்ளைக் கிதாரை மாட்டிக்கொண்டு அந்த ஒன்றையே பாட்டு முழுக்க அடித்தார். இப்போது மேடையில் அந்த டி கார்டை வேறொருவர்தான் பிடிக்கிறார்.